முதல் 'வாழ்க'

கோஷம் போடுவது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் மேடையேறிப் பார்க்கட்டும். "தலைவர்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினால் கூட்டம் உடனே "வாழ்க!" என்று சொல்லிவிடாது. பக்கத்தில் இருப்பவன் முதலில் வாய் திறக்கட்டும் என்று ஆளாளுக்குக் காத்திருப்பார்கள். அதற்காகவே கூட்டத்தின் நடுவில் நம்ம ஆள் ஒருவர் நிற்க வேண்டும். எங்கள் கட்சியில் அது என் தங்கை புருஷன். நான் கத்துவேன், மாப்பிள்ளை முதல் 'வாழ்க' சொல்வார், பிறகு ஊரே சொல்லும். எனக்குக் குழாய் ஸ்பீக்கர் என்று பட்டப்பெயர், அவருக்கு எதிரொலி.

தலைவர் தன் மருமகனைத் துணைத்தலைவர் ஆக்கியதும் பொருளாளர் கட்சியை உடைத்தார். இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியவனை ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லாத கட்சி அது. நானும் வெளியேறினேன். மாப்பிள்ளையும் பின்னாலேயே வருவார் என்றிருந்தேன். அவர் வரவில்லை.

"கொள்கை கிள்கையெல்லாம் எனக்குத் தெரியாது மச்சான். வேலையும் போயாச்சு, பிள்ளைங்களும் வெளியூர் போயாச்சு. கட்சி ஆபீசுக்குப் போனா நாலு பேரு டீ குடிக்க வான்னு கூப்பிடுறாங்க. எனக்கு அது போதும்."

"போங்க, போய் டீயே குடிங்க" என்று எரிந்து விழுந்துவிட்டு வந்தேன்.

புதுக் கட்சியின் முதல் கூட்டத்தன்று, வேண்டுமென்றே அடுத்த தெருவில் பழைய கட்சியும் கூட்டம் போட்டது. நான் மேடையேறி, "அண்ணன் பொருளாளர்!" என்றேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மறுபடியும் கத்தினேன். அண்ணன் பொருளாளர் என்னை முறைத்தார். அத்தனை தலைகளுக்கு நடுவில் அநாதையாக நின்றேன். மூன்றாவது முறை உயிரைக் கொடுத்துக் கத்தினேன்.

"வாழ்க!"

அடுத்த தெருவிலிருந்து வந்தது. எனக்குத் தெரியாத குரலா? யார் பெயர் என்றுகூடப் பாராமல் என் குரலுக்குப் பதில் சொல்லியிருக்கிறார் மனுஷன். எங்கள் கூட்டம் சிரித்துக்கொண்டே சேர்ந்து சொன்னது. எனக்கும் சந்தோஷம்தான், வெட்கம்கெட்ட சந்தோஷம்.

மறுநாளே பழைய கட்சியில் மாப்பிள்ளையை நீக்கிவிட்டார்கள். கைக்கூலியாம். அவரை நம்ம பக்கம் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நான் பொருளாளரிடம் ஓடினேன். "அங்கேருந்து வர்றவன் உளவாளியா இருந்தா என்ன பண்றது? வேணாம் விடுங்க" என்று முடித்துக்கொண்டார்.

தங்கை வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள்.

"நான் இல்லைன்னு சொல்லு" என்று உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"இல்லையாம்ண்ணே" என்றாள், கண் கலங்க.

சற்று நேரத்தில் அவரே வந்து கதவில் சாய்ந்துகொண்டார்.

"உங்க மேல கோவம் இல்ல மச்சான். உங்க குரல் கேட்டுச்சு, வாய் தானா தொறந்துக்கிச்சு. ஆனா நாளைக்குக் காலைல சட்டையப் போட்டுக்கிட்டு நான் எங்க போறது? அத மட்டும் சொல்லுங்க."

நம்ம வீட்டுக்கு வாங்க என்று சொல்ல வாயெடுத்தேன். பெண்டாட்டி போன பிறகு என் வீட்டில் ஒரு டீ போட்டுக்கொடுக்கக்கூட ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.