ஆன்சி வீட்டு மொட்டைமாடி மைக்

திருவொற்றியூரில் ஆன்சி வீட்டு மொட்டைமாடியில் விமானச் சத்தத்தை அளக்கும் மைக்கை நட்டுவிட்டுப் போனவர் கோகுல்நாத் என்ற அதிகாரி. அன்றிலிருந்து மூன்று மாதமாக அவள் மாடியில் கருவாடு காயப்போடவில்லை. கருவாடு கிடந்தால் காக்கா வரும், காக்கா கத்தினால் கணக்கு கெட்டுவிடும் என்று அவளாகவே முடிவுசெய்துகொண்டாள். துறைமுகத்துக்குள் நுழைய அவள் வீட்டு வாசல்வரை வரிசைகட்டி ஹாரன் அடிக்கும் கன்டெய்னர் லாரிகளின் சத்தமாவது சுத்தமாகப் பதியட்டும் என்று டிவியைக்கூடக் குறைத்தே வைத்தாள்.

இன்று மைக்கைச் சோதிக்க மறுபடி வந்த கோகுல்நாத்திடம், "லாரி சத்தம் எவ்ளோ கீது சார்?" என்று கேட்டாள்.

"அதையெல்லாம் கணக்குலேர்ந்து எடுத்துடுவோம்மா. எங்களுக்கு பிளைட் சத்தம் மட்டும்தான்."

"சரி, பிளைட்டு எவ்ளோ?"

"இங்க பிரச்சினையே இல்ல. ஏற்கெனவே சத்தமான ஏரியா, மேல பிளைட் போறது தெரியவே தெரியாது. இன்னும் நாலு பிளைட்டை இந்தப் பக்கம் திருப்பலாம்னு எழுதியிருக்கோம்."

ஆன்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"லாரி சத்தத்த கணக்குல சேக்க மாட்ட. அதையே காட்டி எங்க தலைமேல பிளைட்ட வுடுவ. இன்னா சார் நாயம் இது?"

"கோபப்படாதீங்க. மெஷினை யாரும் தொடக் கூடாது."

"நான் ஏன் தொடப்போறேன்?"

கீழே போய் ஒரு கூடை நெத்திலியைக் கொண்டுவந்து மைக்கைச் சுற்றிப் பரப்பினாள். அவர் படியிறங்குவதற்குள் முதல் காக்கா மைக்கின் உச்சியில் உட்கார்ந்து ஊரையே கூப்பிட ஆரம்பித்தது. அவர் திரும்பிப் பார்த்தார்.

"இதுவும் ஏரியா சத்தம்தான் சார். எடுத்துடு."