பன்னிரண்டு வோல்ட்டில் ஒரு கார் ஷெட்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. வீட்டில் நடந்துகொண்டிருந்தது, நான் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டேன். ஒரு மாத இதழுக்குக் கதை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். கைவசம் ஒன்றும் இல்லை. அந்த வாரம் பார்த்து என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, தோளில் கருவிப் பையோடும் கக்கத்தில் ஒரு சோலார் பேனலோடும் வந்து இறங்கினான். ஆளே வாசலில் வந்து நிற்கும்போது பாத்திரத்தை வேறெங்கே போய்த் தேடுவது?

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"மின்சாரம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு" (வேண்டாம். பள்ளிக்கூடக் கட்டுரை.)

"ஐந்து மாதங்களாக அவள் அந்தக் கதவைத் திறக்கவில்லை. கதவுக்குப் பின்னால்" (பேய்க் கதை என்று நினைத்துவிடுவீர்கள்.)

"மழை" (மழையில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2

என் மனைவி ஒரு மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடம் கருவிகளைப் பழுது பார்த்தவள். வேலையை விட்ட பிறகு எங்கள் கார் ஷெட்டைப் பட்டறையாக்கிக்கொண்டாள். எங்களிடம் கார் கிடையாது, எப்போதும் இருந்ததில்லை. அதனால் ஷெட்டுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. காது கேட்கும் கருவி, பேட்டரியில் நடக்கும் பொம்மை, மேஜைக் கடிகாரம், பாட்டி காலத்து ரேடியோ என்று என்ன வந்தாலும் வாங்கி வைப்பாள். ஒரு பொருளைத் திறக்கும் முன்பு அதைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பார்ப்பாள். உள்ளே ஏதாவது உருண்டால் முகம் மலர்ந்துவிடும். "திருகுதான். பிழைச்சுக்கும்" என்பாள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், ஈரத் தரையில் நின்று ஒரு பலகையில் துளை போட்டுக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஷாக் அடித்தது. டிரில் பழசு, உடம்பெல்லாம் இரும்பு. தூக்கிப் போட்டதில் அவள் சுவரோரம் விழுந்துகிடந்தாள். நான் ஓடிப் போய் மெயினை அணைத்தேன். உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கையில் இரண்டு விரல் மட்டும் மூன்று வாரம் மரத்துப் போயிருந்தது.

விரல் சரியாகிவிட்டது. அவள்தான் ஷெட்டுக்குள் போகவில்லை. பொம்மையோடு வந்தவர்களிடம், "இப்ப நான் பார்க்கிறதில்லைங்க" என்று சொல்லி அனுப்பினாள். கட்டம் போட்ட வார்த்தைப் புதிராகப் போட்டுத் தள்ளினாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். கேட்காததை ஒன்றும் சொல்லவில்லை.

டிரிலுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். என் முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்: "எலி ஒன்று ஒயரைக் கடித்து வைத்திருந்தது." பார்க்க நல்ல வாக்கியம்தான். எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

3

மச்சானை அறிமுகப்படுத்துவதில் கஷ்டமில்லை. பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியன், வயது நாற்பத்தாறு, குரல் எஞ்சின் ஓடும் இடத்துக்கென்றே வளர்த்த குரல். வந்ததும் பையை இறக்கினான். அக்கா பிளாஸ்டிக் நாற்காலியை ஷெட்டுக்கு வெளியே, கதவிலிருந்து நாலு அடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, இந்த ஷெட்டை ஒரு பஸ்ஸுன்னு நினைச்சுக்கோ."

"நினைச்சுக்கிட்டேன்."

"மெயின் லைன் இங்க வரவே வேண்டாம். வீட்டு போர்டுலயே அதைக் கழட்டி விட்டுடறேன். கூரை மேல ஒரு பேனல், கதவோரம் ஒரு பேட்டரி. எல்லாமே பன்னெண்டு வோல்ட்டு. பஸ்ஸுல மழையில நனைஞ்சுக்கிட்டு ஏறுறாங்க, கம்பியைப் பிடிச்சுத் தொங்குறாங்க. லைட்டு, ஃபேன், ஹாரன் எல்லாம் ஓடுது. யாருக்காவது ஷாக் அடிச்சுக் கேள்விப்பட்டிருக்கியா?"

"பஸ்ஸுல இருபத்துநாலு வோல்ட்டுடா."

"அது பெரிய பஸ்ஸு. உன்னோடது மினி பஸ்ஸு."

அவள் சிரித்தாள். (இங்கே "ஐந்து மாதங்களுக்குப் பிறகு" என்று மூன்று சொல் சேர்க்கலாம். உண்மையில் அவள் நடுநடுவே சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், என்னைப் பார்த்து அல்ல.)

பிறகு மச்சான் இடது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினான். ஒரு விரல் அகலத்தில் வழுவழுவென்று தழும்பு, சங்கிலிக் கண்ணி பதிந்த மாதிரி. "பன்னெண்டு வோல்ட்டு ஆளைத் தூக்கிப் போடாது. அதுக்காக சாதுன்னு நினைச்சுடாதே. பேட்டரி மேல ஸ்பேனரோட கையை விட்டேன், வாட்ச் செயின் குறுக்க பட்டுது. கழட்டுறதுக்குள்ள செயின் சிவந்துடுச்சு. ஆளை விட்டுட்டு வீட்டைக் கொளுத்துற ரகம் இது. அதான் பேட்டரியிலேருந்து ஒரு சாணுக்குள்ள ஃபியூஸ் வைக்கணும்."

என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடியே மோதிரத்தைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். நாலு அடி தள்ளி இருந்தாள், பேட்டரி இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. நான் அதைக் கவனித்தேன். கதைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

4

ஒயர் வாங்கி வரும் வேலை எனக்கு. கடையில் கனமான ஒயர் முரட்டுப் பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது. பக்கத்திலேயே மெல்லியது, வளைத்த பக்கம் வளைந்தது, சுவரில் பார்க்க அழகாக இருக்கும். அதை வாங்கிவந்தேன். மறுநாள் மச்சான் கூரை மேல் பேனலை முடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவனை அசத்துவதற்காக நானே கதவோரத்திலிருந்து கடைசி மேஜைவரை சுவரோடு கிளிப் அடித்து ஒன்பது மீட்டர் ஒயரை இழுத்து முடித்தேன். கார் சாமான் கடையில் வாங்கிய, ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னை மாட்டிப் பார்த்தேன். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. ஈயம் உருகவில்லை, நனைந்த மணல் மாதிரி பிசுபிசுத்தது.

"அயர்ன் மோசம்" என்றேன் சத்தமாக.

நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "பேட்டரியில எவ்வளவு காட்டுது?"

மீட்டரை வைத்தேன். "பன்னெண்டு புள்ளி ஆறு."

"மேஜையில?"

அயர்னைக் கழற்றிவிட்டு வைத்துப் பார்த்தேன். "அதே பன்னெண்டு புள்ளி ஆறு. ஒயர்ல ஒண்ணும் தப்பில்லை."

"அயர்ன் ஓடும்போது பார்க்கணும்."

"ரெண்டையும் எப்படி ஒரே சமயத்துல மாட்டுறது?"

அவ்வளவுதான். அவளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்தாள், மீட்டரை என் கையிலிருந்து வாங்கினாள், அயர்னை மாட்டினாள், மீட்டரின் இரண்டு முனையையும் பிளக்கின் பின்பக்கத் திருகுகளில் தொட்டாள். "பத்து புள்ளி அஞ்சு. ரெண்டு வோல்ட்டை உங்க ஒயர் வழியிலயே தின்னுடுது. இவ்வளவு மெல்லிசா யாராவது வாங்குவாங்களா?"

கூரை மேலிருந்து மச்சான் சிரிக்கிற சத்தம் தகரத்தில் அதிர்ந்தது.

இந்த இடத்தில் நான் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவள் எங்கே நிற்கிறாள் என்பதை அவளே உணர்வது, கதவு வழியாக வெயில், கண்ணில் ஏதோ. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்: மேஜை மேல் விரலால் ஒரு கோடு இழுத்துத் தூசியைப் பார்த்தாள். "துடைக்கிற துணி எங்க?" என்று கேட்டாள்.

அன்று மாலையே கனமான ஒயர் வந்தது. அதில் பன்னிரண்டு புள்ளி நாலு. ஈயம் தொட்டதும் கண்ணீர்த் துளியாக உருண்டு ஓடியது.

5

அடுத்த மூன்று நாளும் அக்காவும் தம்பியும்தான் வேலை செய்தார்கள். நான் ஏணி பிடித்தேன். நான் முறுக்கிய ஒவ்வொரு திருகையும், நான் அந்தப் பக்கம் போன பிறகு, அவள் ஒருமுறை முறுக்கிப் பார்த்தாள். ஒரு பாத்திரத்தைப் பற்றி எழுத்தாளனுக்குச் சந்தேகம் வருவது இப்படித்தான். நான் சந்தேகப்பட்டது அவளை அல்ல, என்னை.

என் பிரதிகளை நான் சாப்பாட்டு மேஜையில் போட்டு வைப்பது வழக்கம். அவள் பென்சிலோடு படிப்பது வழக்கம். நாலாம் நாள் காலையில் "எலி" என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் இருந்தது.

"இது என்ன எலி?"

"கதைக்காக."

"நம்ம வீட்டுல எலி கிடையாதே."

நான் காபி டம்ளரைச் சுழற்றிக்கொண்டிருந்தேன்.

"பிளக்கை நான் திறந்து பார்த்தேங்க" என்றாள். "பத்தாம் நாளே, இடது கையால. அதுதான் கடைசியா உள்ள போனது."

உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அந்த டிரிலின் பிளக் உடைந்தபோது மாற்றியது நான். அவள் ஊரில் இல்லை. வருவதற்குள் சரிசெய்து வைத்தால் மகிழ்வாள் என்று நினைத்தேன். இரண்டு ஒயரை மாட்டிவிட்டேன். மூன்றாவது, பச்சை, எர்த் ஒயர், திருகுக்கு அடியில் நிற்கவில்லை. நழுவிக்கொண்டே இருந்தது. மடித்து உள்ளே திணித்து மூடிவிட்டேன். டிரில் ஓடியது. ஓடினால் வேலை முடிந்தது என்றுதானே நம்மைப் போன்றவர்கள் நினைப்போம். எட்டு மாதம் கழித்து டிரிலுக்குள் ஏதோ விட்டுப் போனது. பச்சை ஒயர் வழியாகத் தரைக்குப் போக வேண்டிய கரண்ட், வழியில்லாமல் அவள் வழியாகப் போயிற்று.

"ஏன் என்கிட்ட கேட்கலை?"

"நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். ஒரு வாரம் பார்த்தேன், ஒரு மாசம் பார்த்தேன். கடைசியில எலியை எழுதி வச்சிருக்கீங்க."

"உனக்குக் கரண்ட்டுன்னா பயம் வந்துடுச்சுன்னு நினைச்சேன்."

"கரண்ட் மேல எனக்கென்ன பயம்? அது என்னைக்கும் ஒரே மாதிரிதான் நடந்துக்கும். அந்த ஷெட்டுல நீங்க வேற எதையெல்லாம் சரி பண்ணி வச்சிருக்கீங்கன்னு தெரியலையே. அதான் உள்ள போகலை."

(மன்னிப்புக் கேட்கிற இடம் இது. அரைப் பக்கம் எழுதி, படித்துப் பார்த்து, கிழித்துவிட்டேன். எல்லாம் என்னைப் பற்றியே இருந்தது.)

நான் வாயால் சொன்னது இது: "தப்பு என்னோடதுதான். நீ கீழ விழுந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரலை."

அவள் பென்சிலை என் பக்கம் நகர்த்தினாள். எலியை நான்தான் அடித்தேன்.

6

இதற்குப் பிறகு முடிவு எழுதுவது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவு: ஷெட்டில் விளக்குகள் எரிகின்றன. அவள் பழைய மேஜையைத் தடவிப் பார்க்கிறாள். கண் கலங்குகிறது. (ஓரத்தில் அவள் கையெழுத்து: "நான் அழவில்லை. தூசிக்குத் தும்மினேன்.")

இரண்டாவது முடிவு: அவள் மன்னிக்கவில்லை. ஷெட்டுக்குப் பூட்டு. கணவன் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில். ("இதழ்க்காரங்களுக்கு இது பிடிக்கும். ஆனா மத்தியானம் எனக்குப் பொம்மை ரயில் ஒண்ணு வருதே, எங்க வச்சுப் பார்க்கிறது?")

மச்சான் தன் பங்குக்கு ஒரு முடிவு வைத்திருந்தான். அவன் எழுதவில்லை, மாட்டிவிட்டான். ஊருக்குக் கிளம்பும்போது ஷெட் கதவருகே ஒரு பஸ் ஹாரனைப் பொருத்தி, "சாப்பாடு ரெடின்னா மாமா இதை அடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் ஒரே ஒரு தடவை அடித்தேன். எதிர் வீட்டு ஆசிரியர் சைக்கிளோடு வேலியில் சாய்ந்தார், அடிபடவில்லை. இப்போது நடந்து போய்த்தான் கூப்பிடுகிறேன்.

ரயில் வந்தது. காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். பிழைத்துக்கொண்டது.

7

கதை இங்கே நின்றிருக்கலாம். ஆனால் இன்று மத்தியானம் அவள் என்னை ஷெட்டுக்குக் கூப்பிட்டாள். நானே போய் நிற்பது வேறு, அவள் கூப்பிடுவது வேறு.

ஃபியூஸ் பெட்டியில் ஆறு இடம் இருக்கிறது. விளக்கு, அயர்ன், ஃபேன், சின்ன டிரில், மச்சானின் ஹாரன் என்று ஐந்துக்கு அவள் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. ஆறாவது காலி.

"மூலையில ஒரு சின்ன மேஜை போட்டிருக்கேன். நீங்க இங்க உட்கார்ந்து எழுதலாம். விளக்கை நீங்களே மாட்டுங்க."

"நானா?"

"நான் பார்க்க மாட்டேன். முடிச்சுட்டுச் சொல்லுங்க."

உண்மையாகவே முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு கடிகாரத்தைத் திறந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று எனக்கு. நடுவில் ஒரு இடத்தில் திணறினேன். விளக்கிலிருந்து வந்த இரண்டு ஒயரும் கறுப்பு. ஒன்றில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு. ஃபியூஸ் பெட்டியிலிருந்து வரும் சிவப்பு ஒயரோடு எது சேர வேண்டும்? முன்பு என்றால் ஏதோ ஒன்றை மாட்டிவிட்டு எழுந்திருப்பேன்.

"எனக்குத் தெரியலை" என்றேன்.

அவள் திரும்பவில்லை. ஆனால் கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்த கை நின்றது. "இந்தக் கம்பெனி விளக்கு எனக்கும் புதுசு. பெரும்பாலும் கோடு போட்டதுதான் சிவப்போட சேரும். தப்பா இருந்தா எரியாது. ரொம்பத் தப்பா இருந்தா ஃபியூஸ் போகும். அதுக்குத்தான் ஃபியூஸே. நாம யாரும் போக மாட்டோம்."

இப்போது நான் அந்தச் சின்ன மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், கதவு வழியாக வரும் மாலை வெளிச்சத்தில். இந்தக் கடைசிப் பகுதியை அவள் இன்னும் படிக்கவில்லை. படிக்கப் போவது நீங்கள்தான் முதலில். ஆகவே முடிவை உங்களிடம் விட்டுவிட்டு, நான் செய்ததை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன். ஆறாவது இடத்திலிருந்து சிவப்பு கிளம்புகிறது. மேஜை ஓரத்து ஸ்விட்ச்சுக்குள் போய் வெளியே வருகிறது. கோடு போட்ட ஒயரோடு சேர்கிறது. கோடில்லாதது பெட்டிக்குப் பின்னால், பேட்டரிக்குத் திரும்பும் கறுப்புப் பட்டைக்குப் போகிறது. திருகுகளை இரண்டு தடவை முறுக்கினேன். ஒயரை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.

எங்கேயாவது தப்புத் தெரிந்தால் சொல்லுங்கள். அவள் ஆறாவது இடத்துக்கான ஃபியூஸை உள்ளங்கையில் வைத்து நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.