மாணிக்கராஜின் சொந்த மூஞ்சி

கோரமண்டல் ஸ்டேஷனில் பெங்களூர் ரயில் ஏறிய மாணிக்கராஜ், பங்காருபேட்டை வருவதற்குள் பூசணிக்காயாக மாறிவிட்டான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பெட்டியில் சண்டை மூண்டதெல்லாம் ஒரு பூசணிக்காய் ஜன்னலோர சீட்டில் உட்காரலாமா என்பதைப் பற்றித்தான். மாலூரில் ஏறியவர்கள் கூடவே கூடாது என்றார்கள். ஏழு வருஷமாகப் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டு வரும் எட்மண்ட் மட்டும், "யோவ், அது பாஸ் எடுத்த பூசணிக்கா. கைய வெச்சுப் பாரு!" என்று மல்லுக்கு நின்றான். ஒயிட்ஃபீல்டில் மாணிக்கராஜ் மனுஷனாகத் திரும்பி, சட்டையைச் சரிசெய்துகொண்டு, இடம் கேட்டவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டான். அவன் சுபாவம் அப்படி.

வினை வேலையில் இருந்துதான் வந்தது. பெங்களூரில் ஒரு கார்ட்டூன் கம்பெனியில் அவன் படம் வரைகிறவன். அவர்களுடைய குழந்தைகள் தொடரில் டிங்கிலி என்றொரு பிராணி, நினைத்த நேரத்தில் நினைத்த உருவம் எடுக்கும். டிங்கிலி பூனையிலிருந்து பக்கெட்டாக மாற வேண்டுமென்றால், பெரிய ஓவியர்கள் பூனையை ஒரு தாளிலும் பக்கெட்டை ஒரு தாளிலும் வரைந்து கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நடுவே பூனையாகவும் இல்லாமல் பக்கெட்டாகவும் இல்லாமல் அது படும் பன்னிரண்டு அவஸ்தைகள் மாணிக்கராஜின் தலையில். அந்தத் தொழிலில் மேஜைமேல் ஒரு கண்ணாடி இருக்கும். வரைய வேண்டிய முகத்தைத் தன் முகத்தில் செய்து பார்த்துத்தான் வரைவார்கள். மற்றவர்கள் சிரிப்பு, கோபம், அழுகை என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இவன், வாங்கும் சம்பளத்துக்கு வஞ்சகம் கூடாது என்று, காதைக் கைப்பிடியாக வளைத்து, வாயை வட்டமாக விரித்து, ஆறு வருஷம் பாதிப் பக்கெட்டாகவே உட்கார்ந்திருந்தான். உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. டிங்கிலியின் உருவம் ஒவ்வொன்றுக்கும் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் வரைந்த மாடல் ஷீட் உண்டு. அப்படி இருநூற்றுப் பன்னிரண்டு சேர்ந்திருந்தன. டிங்கிலியின் சொந்த உருவத்துக்கு மட்டும் ஒன்றும் இல்லை. டைரக்டர் சுமா, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

மாறுவதில் மாணிக்கராஜுக்குத் தொல்லை இல்லை. திரும்பி வருவதில்தான் கண்றாவி எல்லாம். ஒருநாள் காது அரை அங்குலம் மேலே போய்விடும், மறுநாள் யாருடைய மூக்கோ வந்து ஒட்டிக்கொள்ளும். தனக்கும் ஒரு மாடல் ஷீட் போட்டுவிட்டால் ஒழுங்காகத் திரும்பலாம் என்று தோன்றி, தன் முகம் முதலில் எப்படி இருந்தது என்று விசாரித்தான். எட்மண்டுக்கு அவனுடைய தோள் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. கல்யாண ஆல்பத்தில் பாதிப் படங்களில் மாலை மறைத்தது, மீதியில் யாருக்கோ வழிவிட்டுக் குனிந்திருந்தான். கடைசியில் மனைவி ஷோபாவிடம் வந்தான். "உங்க மூஞ்சிய நான் எங்க பாத்தேன்? விடியறதுக்கு முன்னாடி போறீங்க, நாங்க தூங்கனப்புறம் வர்றீங்க. ஞாயித்துக்கிழமை போர்வைய இழுத்து மூடிக்கிறீங்க" என்றாள் அவள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து வயசு மகள் மேகனா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அங்கிள், அப்பா எழுந்துட்டாரா?" என்று கேட்டாள். அன்று அவன் சாப்பிடவில்லை. சொந்த மூஞ்சி கிடைக்காவிட்டால் மகளும் கிடைக்கமாட்டாள் என்ற பயம் அவனைப் பிடித்துக்கொண்டது.

இந்த லட்சணத்தில் ஆண்டர்சன்பேட்டையில் ஷோபாவின் அண்ணன் வீட்டில் காதுகுத்து வந்தது. எழுபது பேரை எதிர்பார்த்த இடத்தில் நூற்றைம்பது பேர். ஷோபாவின் பெரியப்பா பெருமாள் முட்டிவலியோடு கையில் இலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாணிக்கராஜுக்கு மனசு கேட்கவில்லை. சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியாக மாறினான். பெரியப்பா உட்கார்ந்து இரண்டு தடவை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டார். அவர் எழுந்ததும் இவனும் எழுந்திருப்பான். ஆனால் எந்த முகத்துக்குத் திரும்புவது? யோசித்துக்கொண்டே இருந்தவனை வாடகை நாற்காலிகளோடு அடுக்கி டெம்போவில் ஏற்றிவிட்டார்கள்.

ராத்திரி அவன் வீடு வராததில் விஷயம் புரிந்து, மறுநாள் காலை ஷோபா மகளை இழுத்துக்கொண்டு வாடகைக் கடைக்கு ஓடினாள். முந்நூறு சிவப்பு நாற்காலிகள் வாசலில் வரிசையாக நின்றன. இன்னும் அரை மணியில் எல்லாம் கோலாரில் ஒரு கல்யாணத்துக்குப் போகின்றன, அங்கிருந்து எங்கே போகுமோ யார் கண்டது. "இன்னாங்க! எங்க கீறீங்க?" என்று அவள் கத்தினாள். நாற்காலிக்கு வாய் ஏது. மேகனா அழ ஆரம்பித்தாள், ஷோபாவும் கூடச் சேர்ந்துகொண்டாள். கடைக்காரர் ஜோஸ் இரக்கப்பட்டு, "இன்னாத்துக்குக்கா இந்தக் கூப்பாடு? புடிச்சதா ஒண்ணு எடுத்துக்க, ஐநூறு ரூபா குடு போதும்" என்றார்.

ஷோபாவுக்கு அழுகை நின்றுவிட்டது. "இன்னாது, ஐநூறா?" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "கால் ஆடுது, முதுகு வெடிச்சுக் கீது, இதுக்கு ஐநூறா? இருநூறு தரேன், கூட ஒரு ஸ்டூலு போடு. உங்க அப்பாவுக்கு எங்க வீட்லதான்யா பொண்ணு பாத்தாங்க, கேட்டுப் பாரு!" தெருவே திரும்பிப் பார்த்தது. அப்போது நாலாவது வரிசையில் ஒரு நாற்காலி மட்டும், கிறீச் கிறீச் என்று மெதுவாக நகர்ந்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.

"அதான்! அதான் எங்க வீட்டுக்காரர்!" என்றாள் ஷோபா. "கட்டிக்கிட்ட நாள்லேருந்து பாக்கறேன், நான் விலை பேச வாயத் தொறந்தா இந்த மனுஷன் மானம் போச்சுன்னு அந்தப் பக்கம் திரும்பிக்குவார்." மேகனா ஓடிப்போய் நாற்காலியின் கையைப் பிடித்து, "அப்பா, வீட்டுக்குப் போலாம் வா" என்றாள். மாணிக்கராஜ் எழுந்தான். மூக்கு வேறு, காது வேறு, தலைமுடி கொஞ்சம் அதிகம். மகள் அதையெல்லாம் பார்க்கவே இல்லை. அவன் தெருவில் நின்று வெட்கமில்லாமல் அழுதான். ஜோஸ் ஒரு பைசா வாங்கவில்லை.

மாடல் ஷீட் யோசனையை அத்தோடு விட்டான். இன்றைக்கு எந்த உருவத்தில் திரும்பி வருகிறான் என்பது அவனுக்கே தெரியாது, அதைப் பற்றி வீட்டில் யாரும் கவலைப்படுவதும் இல்லை. சீக்கிரம் கிளம்ப அனுமதி வாங்கிக்கொண்டு சாயங்கால ரயிலில் வருகிறான். கோரமண்டல் பிளாட்பாரத்தில் ஷோபா கடலைக்காரரிடம் கால் படி வேர்க்கடலைக்கு ஊரே கேட்கப் பேரம் பேசுகிறாள். இறங்குகிற கூட்டத்தில் எது கூசி முகத்தைத் திருப்புகிறதோ அதை மேகனா போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவருகிறாள், கை இல்லாத நாளில் தூக்கிவருகிறாள். ரயில் தாமதமாகிற நாட்களில் அது வருவதற்குள் பேரம் முடிந்துவிடக் கூடாதென்று, கடலைக்காரர் பத்து ரூபாய் ஏற்றியே விலை சொல்கிறார்.