இருபது விநாடியில் இருட்டு

வரதன் சார் மலிவாக வாங்கிப் போட்ட எட்டு எல்.ஈ.டி. விளக்குகளும் ஏற்றும்போது ஒரு குறையும் வைக்காது, பளீரென்று எரியும். இறக்கும்போதுதான் சனியன். பாதிவரை ஒழுங்காக மங்கிவிட்டு, அதற்குக் கீழே மாடிப்படியில் தடுக்கினவன் மாதிரி திடுக் திடுக்கென்று இறங்கும், கடைசியில் பட்டென்று அணையும். மயிலாப்பூர் சபாவில் அரங்கேறப்போகிற அவருடைய புது நாடகமோ, கட்டிலில் அப்பா உயிர் விட, இருபது விநாடியில் மேடை மெல்ல மெல்ல இருட்டும் ஃபேட் ஒன்றோடு முடிகிறது. பழைய ஹாலோஜன் விளக்குகள் இதைத் தூங்கிக்கொண்டே செய்திருக்கும். அவற்றை எடைக்குப் போட்டுவிட்டார் மகானுபாவர்.

லைட் போடும் ஷாகிராவின் தலையில் விழுந்தது வேலை. ஜாம்பஜார்க்காரி. குழுவில் ஆறு வருஷம். நாடகம் சிங்கப்பூர் போகிறது, லைட்டுக்கு ஒரே ஒரு இடம், அதற்கு வரதன் சாரின் அக்கா பிள்ளை முகுந்தனும் அடி போட்டுக்கொண்டிருந்தான்.

"கடைசி ஃபேட் நன்னா வழுக்கிண்டு எறங்கித்துன்னா நீ வரே. இல்லேன்னா அவன்," என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார் சார். ஷாகிரா மறுநாளே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாள். விமானத்தைக் கீழே நின்று மட்டுமே பார்த்தவள். ஆசை இருக்காதா?

முதல் ஒத்திகையில் விளக்கு பட்டென்று அணைந்ததும் அவர் மைக்கில் கேட்டார்: "ஏம்மா, உங்காத்துல மனுஷா செத்தா இப்படித்தான் ஃப்யூஸ் போனாப்ல போவாளா?"

குழுவே சிரித்தது. அவள் அம்மா கைசர் ஜஹான் இறந்து அப்போது நாற்பது நாள்கூட ஆகவில்லை. அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

ஷாகிரா ஏணியை எடுத்துப் போட்டாள். விளக்குகளின் முதுகில் இருக்கும் குட்டித் திரையைத் தட்டித் தட்டி, மங்கும் வேகத்தை மெதுவாக்கும் வழியைக் கண்டுபிடித்தாள். பாதி சரியாயிற்று. முகப்பில் இரண்டு மடிப்பு பட்டர் பேப்பர் ஒட்டினாள். திடுக்கிடும் அடிமட்டத்துக்கு விளக்கு வந்து சேரும்போது மேடைக்கு எட்டும் வெளிச்சமே சொற்பம், குலுக்கல் யார் கண்ணுக்கும் தெரியாது. அதற்கும் மிஞ்சின கடைசி வெட்டை மறைக்க, எடைக்குப் போகாமல் தப்பியிருந்த ஒற்றை ஹாலோஜனைத் தேடிப் பிடித்துக் கட்டிலுக்கு நேர் மேலே மாட்டினாள். வலது கை எட்டு விளக்கையும் இறக்கும். அவை திணறுகிற இடத்தில், இடது கையில் இருக்கும் ஹாலோஜன் மேடையைத் தாங்கிப் பிடிக்கும். பிறகு அதுவும் அடுப்புத் தணல் அடங்குவதுபோல் அடங்கும். இதற்கு மூன்று வாரம் ஆயிற்று.

முழு ஒத்திகையில் அது இறங்கிய அழகைப் பார்த்து, சவுண்டு பார்க்கும் சாந்தோம் மரியசெல்வம் எழுந்தே நின்றுவிட்டான். "இன்னாமா இது! நெஜமாவே ஒரு உசுரு போற மாறி கீது!"

பாராட்டு வேறொருத்திக்குப் போனால் வரதன் சாருக்குப் பொறுக்குமா? அவர் வழக்கம்போல "அணை" என்று சொல்வதற்கு ஒரு விநாடி முன்பே, நடிகரின் கடைசி மூச்சைப் பார்த்து அவள் ஆரம்பித்துவிட்டாளாம். "இங்க டைரக்டர் நானா நீயா? நான் சொல்லாம உன் கை நகரப்படாது. நான் என்ன சொல்றேனோ அதை மட்டும் செய். மூளையை ஆத்துல வச்சுட்டு வா."

"சரி சார்," என்றாள்.

அரங்கேற்றம் ஞாயிற்றுக்கிழமை காலை. செலவை ஏற்றுக்கொண்ட பில்டருக்கு அன்று அறுபது நிறைந்த நாள். மனிதர் பட்டு வேட்டியும் மாலையுமாக முன்வரிசையில் இருந்தார். மேடை ஓரத்தில் ஹெட்செட் மைக்கோடு வரதன் சார், இன்னொரு ஹெட்செட்டோடு அவரை ஒட்டிக்கொண்டு முகுந்தன். அரங்கின் பின்கோடியில், காதில் ஹெட்செட்டோடு ஷாகிரா. பாதி நாடகத்தில் சார் விளக்கு மாறும் இரண்டு இடங்களை நினைத்த மாத்திரத்தில் மாற்றிச் சொன்னார். எதிர்க்கேள்வி கேட்காமல் செய்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. அப்பாவாக நடித்த நாணு மாமா கண்ணை மூடினார். மகளாக நடித்தவள் காலடியில் விழுந்து அழுதாள். அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. ஷாகிராவின் இரண்டு கைகளும் தயாராக இருந்தன. "அணை" என்ற சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

காதில் வேறு சொல் வந்தது. "மலையேத்து."

"சார்?"

"லைட்டை மலையேத்துடி! சீக்கிரம்!"

மறுபடியும் மாற்றிவிட்டார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அப்பாவின் உயிர் மேலே போகிறது, வெளிச்சத்தை ஏற்றச் சொல்கிறார். மூளையைத்தான் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறாரே! எட்டையும், ஹாலோஜனையும், கோடிவரை ஏற்றினாள்.

மேடை பட்டப்பகலாயிற்று. மூடிய கண்ணோடு, இந்நேரம் இருட்டியிருக்கும் என்று நம்பி, அரித்துக்கொண்டிருந்த ஒட்டு மீசையைப் பாதி பிய்த்திருந்தார் செத்துப்போன நாணு மாமா. வெளிச்சம் மூஞ்சியில் அடித்ததும் பதறிப்போய் அதைத் திரும்ப ஒட்டினார். முன்னூறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பில்டர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

திரை விழுந்த பிறகு மரியசெல்வம்தான் விஷயத்தைச் சொன்னான். "சாரு வூட்ல சாமி வெளக்க அணைன்னு சொல்லமாட்டாங்கமா, ஆவாது. மலையேத்துன்னா அணைக்கறதுதான். அறுபதாங் கல்யாணத்துக்காரரு குந்திகினு கீறாரு, இன்னிக்கு அந்தப் பேச்சே வாயில வரக்கூடாதுன்னு அவரு சம்சாரம் நடுவுல வந்து சாராண்ட சொல்லிட்டுப் போச்சாம்."

ஷாகிரா திகைத்துப்போனாள். வீட்டில் உருது, வெளியே நாள் முழுக்கத் தமிழ். ஆனால் இந்தச் சொல் புழங்குகிற பூஜையறை எதற்குள்ளும் அவள் கால் வைத்ததில்லை.

முகுந்தன் வாயெல்லாம் பல்லாக வந்தான். "நீங்க 'சார்?'னு கேட்டப்பவே ஏத்தப் போறேள்னு தெரிஞ்சுபோச்சு. சொல்லலாம்னு பாத்தேன். சரி, என்னதான் ஆறதுன்னு பாப்போமேன்னு விட்டுட்டேன்."

பின்னாலேயே வரதன் சார். கத்துவார் என்று நினைத்தாள். அவர் கத்தவில்லை. "தப்பு என்னோடதுதான். தமிழ் தெரிஞ்சவாளாப் பாத்து வச்சிருக்கணும்," என்றார், எல்லாருக்கும் கேட்கிற குரலில். "சிங்கப்பூருக்கு முகுந்தன். நீ நாளைலேர்ந்து வரவேண்டாம். போறதுக்கு முன்னாடி அந்த ஃபேட்டு நம்பரையெல்லாம் அவனுக்கு எழுதிக் குடுத்துடு."

எல்லாரும் பில்டரின் விருந்துக்குப் போனார்கள். மூன்று வாரம் பாடுபட்டுப் பெற்றெடுத்ததை இந்தத் தடியனுக்குத் தாரை வார்ப்பதா? ஒரே ஒரு எண்ணை மாற்றி எழுதினால் போதும், சிங்கப்பூரில் இவர்கள் மானம் கப்பலேறும். ஷாகிரா பேனாவை எடுத்தாள். கை வரவில்லை. அந்த இருபது விநாடி எங்கே யார் கையில் இறங்கினாலும் குலுங்கக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். விளக்கு விளக்காக, விநாடி விநாடியாக, எந்தக் கை எப்போது என்பதுவரை எழுதி வைத்தாள்.

விருந்து முடிந்து வந்த முகுந்தன் தாளைக் கண்ணருகே கொண்டுபோய் முகம் சுளித்தான். "இது என்ன, ஒண்ணா ஏழா? கொஞ்சம் புரியறாப்ல எழுதப்படாதோ?"

ஷாகிரா தாளைத் திரும்ப வாங்கினாள். அந்த எண்ணை அடித்துவிட்டு, பக்கத்தில் பெரிதாக ஏழு என்று எழுத்திலேயே எழுதிக் கொடுத்தாள்.