உப்புப் பார்க்க ஆளில்லை

நோன்பு திறக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. மாஜிதா கரண்டியும் கையுமாக இரும்புச் சட்டியின் முன்னால் நின்றாள். கறிக்கு உப்புப் போட்டோமா இல்லையா என்பது அவளுக்குச் சுத்தமாக நினைவில்லை.

மற்றபடி குறை சொல்ல முடியாத கறி. காலையிலேயே மாட்டுக்கறி வாங்கி வந்து, குக்கரில் வேகவைத்து, தேங்காய்ப்பல்லோடு சுருளச் சுருள வதக்கி, நல்லமிளகைக் கையால் இடித்துத் தூவி, கடைசியில் குடமிளகாயைப் பெரிய துண்டுகளாக நறுக்கிப் போட்டிருந்தாள். மாப்பிள்ளைக்கு அப்படித்தான் பிடிக்கும். உப்பை அள்ளிய நேரம் பார்த்துத்தானா செங்கோட்டையிலிருந்து சம்பந்தியம்மாள் போன் போட வேண்டும்? 'கிளம்பிட்டோம்' என்ற ஒரு சொல்லில் இவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த உப்பு சட்டிக்குப் போனதா, ஜாடிக்கே திரும்பியதா, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

போன மாதம் மகள் அஃப்ரினைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவர்கள்தான் அவர்கள். கல்யாணமாகி ஐந்து வருஷம், பிள்ளை இல்லை என்பது காரணம். இன்று திரும்ப அழைத்துப் போக வருகிறார்கள் என்றால், அது மாஜிதாவின் வாய் செய்த வேலை. மகளுக்குப் பன்னிரண்டு நாள் தள்ளிப் போனதுமே சம்பந்தியிடம் சொல்லிவிட்டாள். "இன்னும் கொஞ்ச நாள் பொறும்மா" என்று அஃப்ரின் கெஞ்சியது காதில் ஏறினால்தானே?

நுனிநாக்கில் வைத்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று சொல்பவர்கள் உண்டு. மாஜிதாவுக்கு மனசு ஒப்பாது. வருஷா வருஷம் அவளுக்கு உப்புப் பார்ப்பது பக்கத்து வீட்டு இசக்கிசெல்விதான். அவளும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏக்கா, இன்னைக்கு உப்புப் பாக்கக் கூப்பிடலையே?"

"மாட்டுக்கறி, செல்வி."

இசக்கிசெல்வியின் முகம் வாடிவிட்டது. "வேற எதுன்னாலும் வாயில வச்சிருவேங்க்கா. இது எங்களுக்கு ஆகாது. தப்பா நெனைக்காத."

"நான் என்னத்துக்கு நெனைக்கப் போறேன்?"

ஒரு சிட்டிகை போட்டுவிடலாமா? ஏற்கெனவே போட்டிருந்தால்? மகளை மலடி என்று சொன்ன சம்பந்தியம்மாளின் வாய், கறி கரித்தால் சும்மா இருக்குமா? மாஜிதாவுக்கு அழுகை முட்டியது. ஐம்பத்து நாலு வயதில் ஒரு சிட்டிகை உப்புக்கு அழுகிறோமே என்று தன் மேலேயே எரிச்சலும் வந்தது.

அஃப்ரின் அடுக்களைக்குள் வந்தாள். அம்மாவின் கையிலிருந்து கரண்டியை வாங்கி, ஒரு துண்டை எடுத்து ஊதி, வாயில் போட்டாள்.

"ஏட்டி, நோன்பு!"

அஃப்ரின் நிதானமாக மென்று விழுங்கினாள். "உப்பு சரியாத்தான் இருக்கும்மா."

நோன்பை மறந்து தின்பவர்கள் உண்டு. ஆனால் இவள் மறந்தவள் போல் பதறவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மத்தியானமே பீரியட்ஸ் வந்துருச்சும்மா."

மாதவிலக்கு வந்த நிமிஷமே அன்றைய நோன்பு போய்விடும். வயசுக்கு வந்த நாளில் மாஜிதாதான் மகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தாள்.

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லத்தான் வந்தேன். நீ சிரிச்ச மொகமா மிளகு இடிச்சுக்கிட்டு இருந்த. எனக்கு வாய் வரலை."

மாஜிதா மகளைக் கட்டிக்கொள்ளக் கை நீட்டினாள். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. சம்பந்தியம்மாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியிலிருந்தே சத்தம் போட்டாள். ஐந்து வருஷத்தில் அந்தக் குரலில் இப்படியொரு பாசத்தை அஃப்ரின் கேட்டதில்லை.

"எங்க எம் மருமவ? வயித்துப்பிள்ளக்காரிய இன்னுமா நோன்பு இருக்க விட்டிருக்கீங்க? முதல்ல அவளுக்கு ஏதாவது திங்கக் குடுங்க!"