மூடி அளவுக்கு ஒரு பொட்டு

வெட்டும் இயந்திரம் மைதானத்தின் நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது. அதன் பின்னால் ஆட்கள் பச்சை விரிப்பைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, தோளால் முட்டி உருட்டிக்கொண்டு போனார்கள். உரித்த இடமெல்லாம் காய்ந்த பசைத்தூள். துப்புரவு வேலை பார்க்கிறவள் அதைக் கூட்டி வாளியில் அள்ளினாள். கைதான் துடைப்பத்தில் இருந்தது. கண் முழுக்கக் கேலரிப் பக்கத்துக் கோல்மேல்.

"ஏம்மா, பொட்டு எங்கயும் ஓடிப் போயிடாது. கீழ பாத்துக் கூட்டு," என்றார் பம்ப்காரர். மைதானத்துக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர் அவர்தான்.

"தண்ணி பீச்ச வேலை இல்லேன்னதும் என் வாயைக் கிளற வந்துட்டீங்களாக்கும். போங்கண்ணே."

கோலுக்கு நேரெதிரே இருக்கும் வெள்ளை வட்டம்தான் அந்தப் பொட்டு. பெனால்டி அடிக்கப் பந்தை வைக்கிற இடம். ஆடுகிறவர்கள் என்ன பெயர் சொன்னால் என்ன, வேலை செய்கிறவர்களுக்கு அது பொட்டுதான். அதைப் பதித்தது அவள் வீட்டுக்காரர்.

முன்பு இந்த மைதானம் வெறும் புல்தரை, சுற்றிலும் மரப்பலகை கேலரி. ஒரு மழை பெய்தால் ஆட்டம் போச்சு. பிறகு தேசிய ஹாக்கி மைதானம் என்று ஆக்கி, நாலு மூலையிலும் விளக்குக் கோபுரம், ஆட்டக்காரர்களுக்கு வெந்நீர் வரும் குளியலறை, தரையை நனைக்க பீரங்கி மாதிரிக் குழாய்கள், பழைய மட்டைகளையும் கோப்பைகளையும் வைக்க ஒரு கூடம் என்று அமர்க்களமாகக் கட்டினார்கள். பச்சை விரிப்பும் அப்போது வந்ததுதான். அதில் கோடுகளைப் பெயிண்டால் போடுவதில்லை. பச்சையை வெட்டி எடுத்துவிட்டு, அதே அளவுக்கு வெள்ளையை வெட்டிப் பதித்து ஒட்டவேண்டும். வட்டம் வெட்டுகிற அச்சைக் கம்பெனிக்காரன் எங்கேயோ தொலைத்துவிட்டு முழித்தான். மறுநாள் திறப்புவிழா.

மைதானத்தில் எடுபிடி வேலை பார்த்த அவள் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியைக் கவிழ்த்து வைத்து, பச்சையிலும் வெள்ளையிலும் அதைச் சுற்றிக் கத்தியை ஓட்டிவிட்டார். மூடியின் விளிம்பில் ஒரு நசுங்கல் இருந்தது; பொட்டிலும் அது அப்படியே விழுந்தது. அளவு பார்க்க வந்தவர் டேப்பை வைத்துப் பார்த்து, "பரவால்ல, விடு," என்று போய்விட்டார். பசை அப்பிய மூடி அதன்பிறகு டப்பாவுக்குச் சேரவில்லை. "நல்ல டப்பாவை மொட்டையாக்கிட்டு வந்து நிக்கிறீங்களே!" என்று அவள் ஒரு வாரம் அவரை வறுத்தெடுத்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் கேலரிக் கூரையில் தகடு மாற்ற ஏறியவர் வழுக்கி விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆட்டக்காரர்களுக்கென்று நிற்கும் ஆம்புலன்ஸிலேயே அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். அந்தப் பெரிய மனசை அவள் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். குடும்பம் ஓட அவளுக்கு இந்த வேலையையும் கொடுத்தார்கள். தினக்கூலிதான், அடுத்த வருஷம் நிரந்தரம் என்று வருஷா வருஷம் சொல்வார்கள். ஆனாலும் நட்டாற்றில் விட்டுவிடவில்லையே என்ற நன்றி அவளுக்கு மனதார உண்டு.

அந்தப் பொட்டில் பந்தை வைத்துத்தான் நம்ம அணிக் கேப்டன் ஒரு இறுதி ஆட்டத்தில் கோல் அடித்துக் கோப்பையை வாங்கினார். தெருவே கத்தித் தீர்த்தது. கட்டிலில் கிடந்தபடி டிவி பார்த்த மனுஷன், "பொட்டுல ஒரு பிசிறு கெளம்பல பாரு," என்றார். இப்போது நீல விரிப்பு வருகிறது, பழசை உரிக்கிறார்கள் என்றதும் அவர் கேட்டது அது ஒன்றைத்தான். "அந்தப் பொட்டுத் துண்டு கெடைக்குமான்னு கேளேன்." வாயைத் திறந்து எதுவும் கேட்காத மனுஷன். சூப்பர்வைசரும், "உனக்கில்லாததாக்கா, எடுத்துக்கோ," என்று சொல்லியிருந்தார்.

இயந்திரம் கோல் பக்கம் திரும்பியபோது, சூப்பர்வைசர் ஓடிவந்து கையைக் காட்டி நிறுத்தினார். கூடவே கோப்பைக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி, கையுறை போட்ட ஒருவர், கேமராக்காரர். கையுறைக்காரர் மண்டியிட்டு, ஒட்டின விளிம்பு வழியே கத்தியை விட்டு வெள்ளை வட்டத்தை மட்டும் பூப்போல எடுத்தார்.

"மேலிடத்து ஆர்டருக்கா," என்றார் சூப்பர்வைசர், அவள் முகத்தைப் பார்க்காமல். "கூடத்துல வைக்கிறாங்களாம்."

அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுப் போய் நின்றாள். "சார், அது எங்க வீட்டுக்காரர் பதிச்சதுங்க."

"அப்படியா! ரொம்ப சந்தோஷம்மா," என்றார் அதிகாரி. நல்ல மனுஷர், நிஜமாகவே சிரித்தார். "கேப்டனோட பொட்டு இல்லையா, கண்ணாடிப் பெட்டில அவர் பேர் போட்டு வைக்கப்போறோம். இந்த ஓரத்துல மட்டும் கொஞ்சம் நசுங்கியிருக்கு. அவர் மட்டை பட்டிருக்கும்."

அவள் அந்த ஓரத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு கேட்டாள்: "சுத்தி இருக்குறதையாவது எடுத்துக்கட்டுங்களா?"

"தாராளமா எடுத்துக்கோங்க."

"ரொம்ப நன்றிங்க சார்," என்று கும்பிட்டாள். அதுவும் மனதாரத்தான்.

பம்ப்காரர் ஓட்டையைச் சுற்றியிருந்த பச்சையைக் கட்டில் அகலத்துக்கு வெட்டிக் கொடுத்தார். தோளில் சுமந்து வீடுவரைக்கும் வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்தும் கொடுத்துவிட்டுப் போனார். பச்சைக்கு நடுவில் வட்டமாகச் சிமெண்ட் தரை தெரிந்தது.

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் எட்டி விரிப்பைப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய துண்டு குடுத்திருக்காங்களே," என்றார். "அதுவும் கண்ணாடிப் பெட்டின்னா தூசி படாது. நல்லா பாத்துக்குவாங்க."

"தூசி தட்டப்போறதே நான்தானே."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ஓய்ந்ததும் அவர், "ஏய், அந்த மூடி இருக்கா?" என்றார்.

பரணில் பழைய பாத்திரங்களுக்கு அடியில் கிடந்தது. பசை உள்பக்கம் கல்லாக இறுகியிருந்தது. அவள் அதை ஓட்டைக்குள் வைத்து, நசுங்கல் நசுங்கலோடு சேரும்வரை மெல்லத் திருப்பினாள். அவர் கட்டிலிலிருந்து கையைத் தொங்கவிட்டு விளிம்பைத் தடவினார். சுற்றிலும் நகம் நுழைய இடமில்லை.