நாற்பது விநாடி கிளாரினெட்

மெக்கானிக்குக் கோபம் வந்தால் டிப்போவில் நிற்கும் பஸ்களெல்லாம் தாமாகவே ஸ்டார்ட் ஆகிவிடும் என்று சொல்வார்கள். சுத்தப் பொய். மூன்று பஸ்கள்தான் ஆயின. அவர் ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் அந்தக் கோபம் மட்டும் இன்னும் டூட்டியில் இருந்தது. அதில் முக்கால் பங்கு மச்சினனுக்கென்றே ஒதுக்கியது.

காரணம் ஒரு ரெக்கார்டு. முப்பத்தாறு வருஷத்துக்கு முன் டிப்போ ஊழியர்களின் பேண்டு வெளியிட்ட ஒரே ரெக்கார்டு. முதல் பக்கம் இவருடைய கிளாரினெட் தனி வாசிப்போடுதான் தொடங்கும். ஸ்டுடியோவில் முதல் முறை பதிந்த டேக்கை, டிரம்ஸ் வாசித்த மச்சினன் சிம்பல் தட்டைத் தள்ளிவிட்டுக் கெடுத்தான். இரண்டாவது டேக் அப்படி அமைந்தது. அதைக் கேட்டு அங்கிருந்த மின்விசிறியே சுற்றுவதை மறந்து நின்றது என்பார். ரெக்கார்டு கைக்கு வந்த அன்றே, "ஒரு நாள் குடுங்க மாமா" என்று வாங்கிப் போன மச்சினன், கார் பின்கண்ணாடி ஓரம் வெயிலில் வைத்து மறந்துவிட்டான். திரும்பி வந்தபோது அதன் ஓரம் யானைக் காது மாதிரி மடங்கியிருந்தது. ஊசியை வைத்தால் தனி வாசிப்பையெல்லாம் ஒரே தாவு தாவி இரண்டாவது பாட்டில் போய் விழும். அவர் தம் வாசிப்பை ஒரு முறைகூடக் கேட்டதில்லை. மற்றவர்களிடம் காப்பி கேட்டால், ஒருவருடையது தொலைந்துவிட்டது, இன்னொருவருடையதை எலி தின்றுவிட்டது.

"ரெக்கார்டு தின்ற எலி பாடியிருக்குமே, அதையாவது கொண்டாய்யா!" என்று கத்தியிருக்கிறார்.

இப்போது, வளைந்த ரெக்கார்டை நிமிர்த்தும் மெஷின் ஒன்று பார்சலில் வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தது. சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி. உள்ளே இரண்டு உலோகப் பலகைகள். நடுவில் ரெக்கார்டை வைத்து மூடினால் இளஞ்சூட்டில் நாலு மணி நேரம். பிறகு திறக்காமல் ஆற நாலு மணி நேரம்.

"இதுக்கு எதுக்குங்க மெஷின்? உங்க நெத்தியில வச்சிருந்தா பத்து நிமிஷத்துல நிமிந்திருக்குமே" என்றாள் மனைவி.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லிய பிரஷால் பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு தூசி அகப்பட்டாலும் அது ரெக்கார்டில் ஆயுசுக்கும் பதிந்துவிடும். காலை ஏழு மணிக்குச் சுவிட்சைப் போட்டார். ஏழு ஐந்துக்கு மச்சினன் வாசலில் நின்றான். பண்டிகைக்குக்கூடப் பத்து முறை கூப்பிட்டால்தான் வருகிற ஆள்.

"மாமா, பழைய ரெக்கார்டு, சூட்டுல உருகிடப் போவுது. எடுத்துருங்க."

"உன் கார்லயே உருகாதது இதுல உருகுமா? உக்காரு!"

எட்டு மணிக்கு போன் சார்ஜ் போடுகிறேன் என்று மெஷினின் பிளக்கைப் பிடுங்கப் போனான். பதினொன்றரைக்கு, சூடு அணைந்து ஆறிக்கொண்டிருக்கையில், "சும்மா ஒரு பார்வை" என்று மூடியில் கை வைத்தான். பாதியில் திறந்தால் பழையபடி வளைந்துகொள்ளும். மெக்கானிக் போட்ட கூச்சலில் மூன்றாம் வீட்டுக் கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால் ஓடியது.

"டேய்! கண்டக்டரா இருந்தப்போ ஓடுற பஸ்ஸத்தான் நிறுத்துவே. இப்ப ஓடாததையுமா?"

மூன்று மணிக்குத் திறந்தார். ரெக்கார்டு கண்ணாடி போல் படிந்து கிடந்தது. பிளேயரில் வைத்து ஓரத்தில் ஊசியை இறக்கினார். மச்சினன் செருப்பைத் தேடினான். அவன் அக்கா அதன்மேல் காலை வைத்துக்கொண்டு நின்றாள்.

கிளாரினெட் எழுந்தது. பிசிறில்லாமல் மேலே மேலே ஏறியது. மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பது விநாடி.

டமார்! சிம்பல் உருண்டது. தொடர்ந்து அவருடைய சொந்தக் குரல், முப்பது வயதுக் குரல், கணீரென்று: "டேய் மடப்பயலே! கை இருக்கா, கட்டையா? உன்ன டிரம்ஸ்ல உக்கார வச்சான் பாரு மேனேஜரு, அந்த மண்டையில என்னடா இருக்கு? டீசல் ஊத்தினாக்கூட ஓடாத மண்டை!" அப்படியே ஒன்றரை நிமிஷம்.

மெக்கானிக் திரும்பினார். மனைவியின் உதடுகள், ஒரு சொல் பிசகாமல், கூடவே அசைந்துகொண்டிருந்தன.

"உனக்கு இது மனப்பாடமா?"

"டிப்போவுக்கே மனப்பாடங்க. பக்கத்து வீட்ல போட்டுக் காட்டினாங்க."

"அச்சுக்கு மொத டேக் டேப்பை மாத்திக் குடுத்துட்டேன் மாமா" என்றான் மச்சினன், செருப்பை விட்டுவிட்டு. "அச்சாகி வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. நீங்க கேட்டா கொன்னுடுவீங்கன்னு வெயில்ல வச்சேன். மறக்கல. வச்சேன்."

"ஒருத்தன்கூடச் சொல்லலையே!"

"உங்ககிட்ட யாரு மாமா வந்து சொல்வா?"

"ரெண்டாவது டேக் எங்கடா?"

"அந்த டேப்புல வேற யாருக்கோ பாட்டு பதிஞ்சுட்டாங்க."

மெக்கானிக்கின் கை மேசை விளிம்பை இறுகப் பிடித்தது. "டிப்போ மேனேஜர் இதைக் கேட்டாரா?"

"மொத காப்பியே அவருக்குத்தான் குடுத்தாங்க."

கடைசி நாள் வரை ஏன் தமக்குச் சீனியர் மெக்கானிக் பதவி வரவில்லை என்று இத்தனை வருஷமாகத் தெரியாத விஷயம் ஒரு நொடியில் தெரிந்தது. அவர் வாயைத் திறந்தார். ஜன்னல் கண்ணாடிகள் தயாராயின. மனைவி காதைப் பொத்தினாள்.

சத்தம் வரவில்லை. அவர் வாயை மூடினார். மச்சினனுக்கு இப்போதுதான் உண்மையிலேயே நடுங்கியது.

"இங்க வா. உக்காரு."

உட்கார்ந்தான். அவர் ஊசியை எடுத்து ஓரத்தில் வைத்தார். நாற்பது விநாடி கிளாரினெட்டைக் கண்மூடிக் கேட்டார். டமார் என்றதும் கண்ணைத் திறந்து மச்சினனையே பார்த்தார்.

"டேய் மடப்பயலே!" என்றது ரெக்கார்டு.

"நல்லா கேளு. இன்னைக்கு அம்பது தடவை. இனிமே ஞாயித்துக்கிழமை தவறாம வர்ற. எனக்குத் தொண்டை மிச்சம்."

ஏழாவது முறை ஓடி முடிந்ததும் ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி பல்லைக் கடித்தார்.

"சே! அந்த மேனேஜரை இன்னும் ரெண்டு வார்த்தை சேத்துத் திட்டியிருக்கணும்."